சிஸ்டர், ஒரு சந்தேகம்: பெண் உடலும் இன்பமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகப்பேறு ஓ.பி.யில் நர்ஸாகப் பதினேழு வருடம் ஓடிவிட்டது. டாக்டர் அறைக்குள் கேட்காத கேள்வி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது கதவருகே வரும். "சிஸ்டர், ஒரு சந்தேகம்" என்று குரல் இறங்கும். அப்படி வந்தவற்றில் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன. யார் என்று தெரியக்கூடிய எதையும் எடுத்துவிட்டேன். படிப்பவர் வயது வந்தவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கீழ மொத்தம் எத்தனை ஓட்டை சிஸ்டர்? ரெண்டா, மூணா?

மூன்று. முன்னால் சிறுநீர்த் துவாரம், அதற்குக் கீழே யோனி வாய், பின்னால் மலத்துவாரம். சிறுநீரும் மாதவிலக்கு ரத்தமும் ஒரே வழியில் வருகின்றன என்று நினைத்துக்கொண்டே இரண்டு பிள்ளை பெற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆணுக்குக் குனிந்தால் தெரிகிற சமாச்சாரம், நமக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே கர்ப்பப்பை வரை போகும் பாதைக்குத்தான் யோனி என்று பெயர். வெளியே தெரிவதெல்லாம் சேர்ந்து பெண்குறி: முடி முளைக்கும் மேடு, இரண்டு பெரிய உதடு, அவற்றுக்குள் இரண்டு சின்ன உதடு, சின்ன உதடுகள் மேலே வந்து கூடும் இடத்தில் கிளிட்டோரிஸ். பிள்ளை வரும் வழியும் இன்பம் தரும் உறுப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் வேறு வேறு. இந்தப் பக்கத்தில் வரும் குழப்பங்களில் பாதி, இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

கிளிட்டோரிஸ்னு சொல்றாங்களே, அது எங்க இருக்கு? எனக்கு இருக்கான்னே தெரியல.

இருக்கிறது. தமிழில் பெண்குறிக் காம்பு என்று எழுதுவார்கள். ஓ.பி.யில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, நானும் கிளிட்டோரிஸ் என்றே சொல்கிறேன். காலை அகட்டி உட்கார்ந்து, கைக்கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள். சின்ன உதடுகள் இரண்டும் மேலே சேரும் இடத்தில் முக்காடு போட்ட மாதிரி ஒரு தோல் மடிப்பு இருக்கும். அதை மெல்ல மேலே இழுத்தால் உளுந்து அளவிலோ கொண்டைக்கடலை அளவிலோ ஒரு முனை தெரியும். சிலருக்கு முக்காடு முழுக்க மூடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரல் பட்டால் தெரிந்துவிடும், அந்த இடம் மற்ற இடம் போல இருக்காது.

கருவில் முதல் சில வாரங்களுக்கு ஆண், பெண் இருவருக்கும் அந்த இடத்தில் ஒரே மொட்டுதான். பிறகு ஹார்மோன் சொல்படி அது ஒருவருக்கு ஆண்குறியாகவும் இன்னொருவருக்கு கிளிட்டோரிஸாகவும் வளர்கிறது. அதனால்தான் இதுவும் கிளர்ச்சி வந்தால் ரத்தம் நிறைந்து விறைக்கிறது.

இத்துனூண்டு பருப்புக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு?

வெளியே தெரிவது நுனி மட்டும். நிலக்கடலைச் செடியை நினைத்துக்கொள்ளுங்கள், விளைச்சல் மண்ணுக்குள் இருக்கிறது. அந்த முனைக்குப் பின்னால் ஒரு தண்டு மேலே போய் வளைந்து, இரண்டு கால்களாகப் பிரிந்து இடுப்பெலும்பை ஒட்டி இறங்குகிறது. அதோடு யோனி வாயின் இரு பக்கத்திலும் இரண்டு பஞ்சுக் குமிழ்கள் இருக்கின்றன. மொத்தத்தையும் சேர்த்தால் சுமார் 9 முதல் 11 செ.மீ. கிளர்ச்சியின்போது இந்தக் குமிழ்களும் வீங்கி யோனி வாயை இரு பக்கமும் அணைக்கும்.

நரம்புக்கு வருவோம். 8,000 நரம்பு முனைகள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அந்த எண் பசுக்களிடம் செய்த ஆய்விலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள்! மனிதரில் எண்ணிப் பார்த்தது 2022இல்தான். அமெரிக்காவின் ஓரிகன் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பிளேர் பீட்டர்ஸ் குழுவினர் அறுவை சிகிச்சையின்போது கிடைத்த திசுக்களை வைத்து எண்ணினார்கள். கிளிட்டோரிஸுக்குப் போகும் முதன்மை நரம்பில், இரு பக்கமும் சேர்த்து, சராசரியாக 10,281 இழைகள். மனிதன் நிலவுக்குப் போய் அரை நூற்றாண்டு கழித்து நடந்த எண்ணிக்கை இது.

அப்போ ஸ்கூல் புக்ல ஏன் இது இல்ல?

பள்ளிப் புத்தகத்தில் கர்ப்பப்பை, சினைப்பை, குழாய் என்று ஆட்டுத்தலை மாதிரி ஒரு படம் இருக்கும். பிள்ளை பிறக்கத் தேவையானதை மட்டும் வரைந்தால் கிளிட்டோரிஸுக்கு அதில் இடமில்லை. கருத்தரிக்க அது வேண்டியதில்லை. எனக்கு நர்சிங் படிப்பிலேயே இது ஒரு வரியில் முடிந்துபோனது.

தெரியாமல் போனதல்ல, பல தடவை தெரிந்து தொலைந்தது. 1559இல் இத்தாலியில் ரெயால்டோ கொலம்போ என்ற உடற்கூறியலாளர், பெண்ணின் இன்பத்துக்கு இருப்பிடம் இதுதான், நானே கண்டுபிடித்தேன் என்று எழுதினார். கருக்குழாய்க்குப் பெயர் தந்த ஃபலோப்பியோ 'இல்லை, நான்' என்றார். பெண்கள் இருவரும் சண்டை போடுவதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். 1844இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் கோபெல்ட் உள் அமைப்பு முழுவதையும் அழகாக வரைந்தே வைத்தார். ஆனாலும் 20ஆம் நூற்றாண்டுப் பாடநூல்கள் பலவற்றில் அது சுருங்கிப் போனது. ஆஸ்திரேலியாவின் முதல் பெண் சிறுநீரக அறுவை நிபுணர் ஹெலன் ஓ'கானல், 1998இல் சடலங்களை அறுத்துப் பார்த்து, பாடநூலில் இருப்பது தப்பு என்று எழுதினார். 2005இல் எம்.ஆர்.ஐ. படங்களையும் சேர்த்து மறுபடியும் எழுதினார். மேலே நான் சொன்ன கால், குமிழ், அளவு எல்லாம் பரவலாகத் தெரியவந்தது அதற்குப் பிறகுதான்.

உதடு ஒண்ணு பெருசா தொங்குது, ஒண்ணு சிறுசு. கலரும் கருப்பு. ஆபரேஷன் பண்ணிக்கணுமா?

வேண்டாம். 2005இல் லண்டனில் 50 பெண்களை அளந்து பார்த்தபோது சின்ன உதட்டின் அகலம் 7 மி.மீ.யிலிருந்து 50 மி.மீ. வரை இருந்தது. ஏழு மடங்கு வித்தியாசம், அத்தனையும் சாதாரணம். இரண்டு பக்கமும் சமமாக இருப்பதுதான் அபூர்வம். பெயர் 'சின்ன' உதடு என்றாலும் பெரிய உதட்டைத் தாண்டி வெளியே தெரிவது பலருக்கும் உண்டு. நிறம், உடம்பின் மற்ற தோலைவிடக் கறுத்துத்தான் இருக்கும். பருவ வயது ஹார்மோனும் பிரசவமும் இன்னும் கறுக்க வைக்கும்.

சின்ன உதடுகளிலும் உணர்வு நரம்புகள் நிறைய இருக்கின்றன. அழகுக்காக வெட்டிக்கொள்வது அவற்றையும் வெட்டுவதுதான். உட்காரவோ சைக்கிள் ஓட்டவோ வலிக்கிறது என்றால் அது வேறு பேச்சு, டாக்டரிடம் காட்டுங்கள். வெளுப்பாக்கும் க்ரீம் பூசி, புண்ணாகி வந்தவர்களுக்கு மருந்து வைத்தே எனக்குக் கை வலிக்கிறது.

முதல் ராத்திரி ரத்தமே வரல. அவர் ஒரு மாதிரி பாக்குறார். நான் என்ன சொல்றது?

இந்தக் கேள்வி வந்தால் கணவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவேன். கன்னித்திரை என்ற பேரே தப்பு. திரை போட்டு மூடியிருந்தால் மாதவிலக்கு எப்படி வெளியே வரும்? அது யோனி வாயைச் சுற்றி விளிம்பு போல இருக்கும் மெல்லிய மடிப்பு. சிலருக்கு வளையம், சிலருக்குப் பிறை, சிலருக்கு அதன் தடம்கூடத் தெரியாது. நெகிழக்கூடியது. முதல் உறவில் ரத்தம் வராத பெண்கள் ஏராளம். வந்தாலும் பல சமயம் அது போதிய ஈரமில்லாமல் அவசரப்பட்டதால் ஏற்பட்ட உரசல் காயம்.

அதைப் பார்த்து ஒரு பெண் உறவு வைத்தாளா இல்லையா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. 2018இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து, கன்னித்தன்மைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை கிடையாது, நிறுத்துங்கள் என்றன. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு, யோனிக்குள் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் சோதனை செய்தால் அது ஒழுங்கீன நடத்தை என்று நம் உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. கோர்ட்டே ஏற்காத சாட்சியை வெள்ளை பெட்ஷீட்டில் தேடிப் பயனில்லை.

உள்ள போறதால மட்டும் எனக்கு ஒண்ணுமே ஆகல சிஸ்டர். அவருக்கு முடிஞ்சிடுது. எனக்குக் கோளாறா?

அதிகம் பேர் கேட்டது இதுதான். உங்களுக்குக் கோளாறு இல்லை. உறுப்பு இருக்கும் இடத்தை மேலே சொன்னேனே, அதை வைத்து யோசியுங்கள். யோனியின் உள் பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்குத் தொடு உணர்வு குறைவு. அங்கே நரம்புகள் கிளிட்டோரிஸ் போல அடர்ந்திருந்தால் பிரசவத்தை யாராலும் தாங்க முடியாது. அந்தப் பாதையை மட்டும் நம்பி உச்சக்கட்டம் வரக் காத்திருப்பது, காலிங் பெல் வாசலில் இருக்கச் சுவரைத் தட்டுவது மாதிரி. கொஞ்சம் சத்தம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.

2017இல் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டார்கள். உட்செலுத்தும் உறவு மட்டுமே போதும் என்றவர்கள் 18 சதவீதம்தான். கிளிட்டோரிஸைத் தொட்டால்தான் வரும் என்றவர்கள் சுமார் 37 சதவீதம், தொட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றவர்கள் கிட்டத்தட்ட அதே அளவு. அதே காலத்து இன்னொரு பெரிய அமெரிக்கக் கணக்கில், உறவின்போது வழக்கமாக உச்சக்கட்டம் அடைவதாகச் சொன்ன ஆண்கள் 95 சதவீதம், ஆணோடு வாழும் பெண்கள் 65, பெண்ணோடு வாழும் பெண்கள் 86. பெண் உடலால் முடியவில்லை என்பது உண்மையானால் அந்த 86 எங்கிருந்து வந்தது?

அப்போ யாரு சொன்னா, உள்ளேர்ந்து வரணும்னு?

ஃப்ராய்ட், மனதை ஆராய்ந்து பேர் வாங்கிய வியன்னா டாக்டர். 1905இல் அவர், சிறு பெண்ணுக்குக் கிளிட்டோரிஸ், வளர்ந்த பெண்ணுக்கு யோனி என்று எழுதினார். வளர்ந்தபின்னும் கிளிட்டோரிஸில்தான் இன்பம் என்றால் அவள் முதிராதவள் என்று ஆயிற்று. அறுபது வருடம் இந்தக் கணக்கு நின்றது.

மரி போனபார்த்தின் கதையைக் கேளுங்கள். நெப்போலியன் வம்சம், கிரேக்க இளவரசி, ஃப்ராய்டின் நெருங்கிய சீடர். தனக்கு உள்ளிருந்து வரவில்லை என்ற வேதனையில் 243 பெண்களுக்கு, கிளிட்டோரிஸுக்கும் சிறுநீர்த் துவாரத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கச் செய்து, 1924இல் வேறு பெயரில் வெளியிட்டார். தூரம் சுமார் இரண்டரை செ.மீ.க்கு மேல் போனால் உறவினால் மட்டும் உச்சம் வருவது அரிது என்பது அவர் கண்டது. அதோடு விடாமல் தன் கிளிட்டோரிஸையே யோனிக்கு அருகில் நகர்த்தி வைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டார், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. பலனில்லை. ஒரு விரல் செய்யும் வேலைக்குக் கத்தியைத் தேடிய அந்த இளவரசியை நினைத்தால் எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது. அளவெடுத்தது சரிதான் என்று 2011இல் அந்த எண்களை மறுபடி கணக்குப் போட்டவர்கள் சொன்னார்கள்.

1966இல் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் பதிவு செய்து பார்த்து, எங்கிருந்து தூண்டினாலும் உச்சக்கட்டத்தில் உடம்பு செய்வது ஒன்றுதான் என்றார்கள்.

ஜி-ஸ்பாட்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?

யோனிக்குள் தொட்டால் உச்சம் தரும் என்று சொல்லப்படும் இடத்தைக் கேட்கிறீர்கள். பொத்தான் மாதிரி தனி உறுப்பு எதுவும் கிடையாது. 2017இல் ஓ'கானல் குழுவினர் 13 சடலங்களில் அந்த இடத்தை நுணுக்கமாகத் தேடினார்கள், அப்படி ஒரு அமைப்பு கிடைக்கவில்லை. ஆனால் யோனியின் முன்சுவரில், தொப்புள் பக்கம் பார்த்த சுவரில், அழுத்தினால் சுகமாக இருக்கிறது என்று சொல்லும் பெண்கள் பொய் சொல்லவில்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சிறுநீர்க் குழாயும் கிளிட்டோரிஸின் உள் பாகங்களும் நெருங்கி இருக்கின்றன. உள்ளேயிருந்து அழுத்தினால் அவையும் அசையும். சிலருக்கு அது இன்பம், சிலருக்கு ஒண்ணுக்கு வருகிற உணர்வு, சிலருக்கு ஒன்றுமேயில்லை.

ஜி என்பது எர்ன்ஸ்ட் கிராஃபென்பெர்க். ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்த டாக்டர். 1950இல் அவர் இந்த முன்சுவர் பற்றி எழுதிய கட்டுரை வெளிவந்தது, டாக்டர் ஏ.பி.பிள்ளை பம்பாயிலிருந்து நடத்திய பாலியல் ஆய்விதழில்! உலகமெல்லாம் அலசும் அந்தக் கட்டுரை அச்சானது நம் நாட்டில். 'ஜி-ஸ்பாட்' என்ற பெயர் 1980களில் மற்றவர்கள் வைத்தது.

உச்சக்கட்டம் வந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?

இடுப்புக்குள் இறுக்கம் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் யோனி வாயைச் சுற்றிய தசைகள் தானாகத் துடிக்கும். முதல் சில துடிப்புகள் ஏறத்தாழ 0.8 வினாடிக்கு ஒன்றாக வரும், பிறகு மெதுவாகும். கர்ப்பப்பையும் சுருங்கும், மூச்சு வாங்கும், பிறகு உடம்பு தளர்ந்து போகும். தும்மல் மாதிரி, வந்தால் வந்தது தெரியும். சிலருக்குப் பெரிய அலையாக இருக்காது, சின்ன விட்டுவிடுதலாக இருக்கும். சினிமாவில் வரும் கூச்சலை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

கூடவே ஒன்று. உச்சத்துக்குச் சற்று முன்பு கிளிட்டோரிஸ் முனை முக்காட்டுக்குள் உள்வாங்கிவிடும். 'காணாமப் போச்சு, ஆசை போயிடுச்சு போல' என்று கணவர் அப்போதுதான் கையை எடுப்பார். எடுக்கக் கூடாத நேரம் அது. அதே அழுத்தம், அதே வேகம், அப்படியே தொடர வேண்டும்.

ஈரமே ஆகல. அப்போ எனக்கு ஆசை இல்லைன்னுதானே அர்த்தம்?

இல்லை. யோனிச் சுவரைச் சுற்றிய ரத்தக் குழாய்களில் ரத்தம் நிறையும்போது சுவர் வழியாக நீர் கசிகிறது, மண்பானை வேர்ப்பது போல. மாதவிலக்குச் சுழற்சி, பால் கொடுக்கும் காலம், சில மாத்திரைகள், மன அழுத்தம், பக்கத்து அறையில் மாமியார் விழித்திருப்பது எல்லாமே இதைக் குறைக்கும். மனதில் ஆசை இருந்தும் உடம்பு காய்ந்திருக்கலாம்.

தலைகீழாகவும் நடக்கும். விருப்பமே இல்லாதபோதும் உடம்பு ஈரமாகும், அது வெறும் அனிச்சைச் செயல். ஈரமானாளே, சம்மதம்தானே என்று யாராவது சொன்னால் அது பொய். சம்மதம் வாயிலிருந்து வர வேண்டும்.

வறட்சிக்கு மருந்துக்கடையில் நீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட் ஜெல் கிடைக்கும். நம் வீட்டில் கைக்கு வருவது தேங்காயெண்ணெய். ஆணுறை போடும்போது அது கூடவே கூடாது: எண்ணெய் பட்டால் ரப்பர் சில நிமிடங்களில் பலவீனமாகிக் கிழியும்.

திடீர்னு தண்ணியா நிறைய வந்திடுச்சு. ஒண்ணுக்கு போயிட்டேனா?

நடக்கும், நோயில்லை. சிறுநீர்த் துவாரத்தின் இரு பக்கமும் ஸ்கீன் சுரப்பிகள் உண்டு, 1880இல் விவரித்த டாக்டரின் பெயர். ஆண்களின் புராஸ்டேட்டுக்கு ஈடானவை. இவற்றிலிருந்து கொஞ்சம் பால் போன்ற திரவம் சிலருக்கு வரும். பாயை நனைக்கும் அளவுக்கு வந்தால் பெரும்பகுதி சிறுநீர்ப்பையிலிருந்து வந்தது என்று பிரான்சில் ஸ்கேன் வைத்துப் பார்த்த ஒரு சின்ன ஆய்வு சொன்னது. எதுவானாலும் துண்டை விரித்துக்கொண்டால் போதும். இருமினாலும் சிரித்தாலும்கூடக் கசிகிறது என்றால் அது வேறு பிரச்சினை, சிகிச்சை உண்டு.

நானே தொட்டுப் பாத்துக்கிட்டா உணர்ச்சி மரத்துப் போயிடுமா? கல்யாணத்துக்கு அப்புறம் கண்டுபிடிச்சிடுவாங்களா?

இரண்டுக்கும் இல்லை. உடம்பில் எந்தத் தடமும் விழாது, உதடு தொங்காது, குழந்தை தங்காமல் போகாது. தனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்த பெண்ணுக்கு, அதை இன்னொருவரிடம் சொல்லவும் தெரியும். வைப்ரேட்டர் என்ற அதிரும் கருவி வைத்துப் பழகி, கொஞ்ச நேரம் மரத்த மாதிரி இருந்தால் சிறிது ஓய்வு விட்டால் சரியாகும். கை சுத்தம், நகம் வெட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வலிக்குது சிஸ்டர். போகப் போகப் பழகிடும்கிறாங்க.

வலியைப் பழக்கக் கூடாது. முதலில் மேலே சொன்ன ஈரத்தைப் பாருங்கள், அவசரமும் ஒரு காரணம். கிளர்ச்சி ஏறும்போது யோனி நீண்டு விரியும், கர்ப்பப்பை மேலே தூக்கிக்கொள்ளும். அதற்கு நேரம் கொடுக்காமல் போனால் இடிக்கத்தான் செய்யும். பூஞ்சைத் தொற்று, பிரசவத் தையல் தழும்பு, ஆழத்தில் வலித்தால் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள் தோல் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) என்று வேறு காரணங்களும் உண்டு. சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அடிக்கடி பூஞ்சை வருவதற்கும் உணர்வு மங்குவதற்கும் அது காரணமாகலாம்.

விரல்கூடப் போகாதபடி தசைகள் தானாக இறுகிக்கொண்டால் அதற்கு வெஜைனிஸ்மஸ் என்று பெயர். பெண் வேண்டுமென்று செய்வதில்லை, கண்ணில் தூசி வரும்போது இமை மூடுவது மாதிரி. குழந்தையில்லை என்று மூன்று நான்கு வருடம் கோயில் குளம் சுற்றி, கடைசியில் எங்களிடம் வந்து, உறவே நடந்ததில்லை என்று மெல்லச் சொல்லும் ஜோடிகள் வருவதுண்டு. மூச்சுப் பயிற்சி, இடுப்புத்தளப் பிசியோதெரபி, சிறியதிலிருந்து பெரியதாக டைலேட்டர் (யோனியை மெல்ல விரியப் பழக்கும் குழாய்), மனநல ஆலோசனை. பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது. கணவர் பொறுமையாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

எனக்கா ஆசை வர்றதே இல்ல. ஆனா ஆரம்பிச்சிட்டா நல்லாத்தான் இருக்கு. இது என்ன?

இது ஒரு வகை ஆசைதான். கனடாவின் ரோஸ்மேரி பாசன் 2000இல் இதை விளக்கினார்: சிலருக்கு ஆசை முதலில் வந்து உடம்பு பின்னால் வரும், சிலருக்கு, குறிப்பாக நீண்ட நாள் தாம்பத்தியத்தில், அணைப்பும் தொடுதலும் ஆரம்பித்த பிறகே ஆசை எட்டிப் பார்க்கும். பசியில்லாமல் உட்கார்ந்து, ரச வாசனைக்குப் பசி எடுப்பதில்லையா? ஆனால் இலையில் உட்காருவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.

முன்பு இருந்த ஆசை திடீரென்று போயிருந்தால் மாத்திரைகளைப் பாருங்கள். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் ஆசையையும் உச்சக்கட்டத்தையும் மட்டுப்படுத்தும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

ரெண்டு பிரசவம். லூஸாயிடுச்சுன்னு அவர் சொல்றார். டைட் பண்ற க்ரீம் போடலாமா?

போடாதீர்கள். படிகாரத் தண்ணீரும் வேண்டாம். அவை இறுக்குவதில்லை, உள் தோலைக் காய வைத்துப் புண்ணாக்குகின்றன. லேசர் வைத்து இளமையாக்குகிறோம் என்ற விளம்பரங்களுக்கு எதிராக 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை விட்டது.

அதிக உறவால் யோனி தளர்வதில்லை. பிரசவத்தில் தளர்வது அதைத் தாங்கும் தசைகள். 1948இல் ஆர்னால்டு கீகல் என்ற டாக்டர் சொன்ன பயிற்சி இன்றும் பயன்படுகிறது: சிறுநீரை அடக்குவது போல இறுக்கி, ஐந்து எண்ணி விடுவது, பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது செய்து பார்க்க வேண்டாம். மேலே சொன்ன இறுக்கமும் வலியும் உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது, அவர்களுக்குத் தேவை தளர்த்தும் பயிற்சி.

கர்ப்பப்பை எடுத்தாச்சு, எனக்கு இனிமே அதெல்லாம் இல்லதானே?

கிளிட்டோரிஸை யாரும் எடுக்கவில்லையே. அதன் நரம்பு வேறு வழியாகப் போகிறது. உச்சத்தில் கர்ப்பப்பை துடிப்பதை ரசித்தவர்களுக்கு ஒரு வித்தியாசம் தெரியலாம். பெரும்போக்கும் வலியும் போனதால் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்பவர்களும் உண்டு. தையல் ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு.

சினைப்பையையும் எடுத்திருந்தாலோ மாதவிலக்கு நின்றிருந்தாலோ ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து தோல் மெலிந்து வறண்டுபோகும். அதற்கு உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது, டாக்டர் எழுதித் தருவார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். 'இந்த வயசுல இதைக் கேக்கலாமா' என்று ஆரம்பித்த ஒரு பாட்டிக்கு அந்த க்ரீம் எழுதிக் கொடுத்தோம். அடுத்த மாதம் வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை, கால் கிலோ மைசூர்பாகு வைத்துவிட்டுப் போனார்.

நான் ஆம்பள. வொய்ஃபுக்கு எப்படிப் பண்ணணும்னு கேக்கலாமா?

கேளுங்கள், ஆனால் என்னிடமல்ல, அவரிடம். உச்சிக்குப் போகச் சராசரியாக ஆணைவிடப் பெண்ணுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், அதை முதலில் மனதில் வையுங்கள். முனையை நேராகத் தொடுவது பலருக்குச் சுரீரென்று வலிக்கும். முக்காட்டின் மேலாக, பக்கவாட்டில், ஈர விரலால், லேசாக ஆரம்பிக்கலாம். மற்றதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு.

அவர்கிட்ட நான் எப்படிச் சொல்றது? எங்க கத்துக்கிட்டேன்னு கேப்பார்.

கட்டிலில் வைத்துச் சொல்லாதீர்கள், குறை சொல்வதாகப் படும். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதோ இருட்டில் மாடியில் நிற்கும்போதோ சொன்னால் முகம் பார்க்க வேண்டியதில்லை, வாய் தானாக வரும். 'இப்படிப் பண்ணாதீங்க' என்பதைவிட 'அன்னைக்குப் பண்ணீங்களே, அது பிடிச்சுது' என்பது வேலை செய்யும். வார்த்தை வரவில்லையென்றால் அவர் கையைப் பிடித்து வைத்துக் காட்டுங்கள். பிடித்த மாதிரி இதுவரை நடித்திருந்தால், அதை ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை, இனி நடிக்காமல் இருந்தால் போதும்.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், ஆஸ்பத்திரியில் ஒரு சிஸ்டர் சொன்னார் என்று சொல்லுங்கள். நம்பாவிட்டால் அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வெளியே பெஞ்சில் போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கணவர்களை உள்ளே கூப்பிடுவது எனக்குப் பழக்கம்தான்.